காசை மாற்ற வந்த கட்சி: 1947இல் என்.எம். பெரேரா ஆட்சிக்கு வந்திருந்தால்

(சீனன்குடாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1942 ஏப்ரல் மாதத்தில் ஒரு கிழமைக்குள் நடந்த மூன்று சம்பவங்களோடு தொடங்குகிறேன். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று யப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. ஏப்ரல் 7 இரவு கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து நான்கு அரசியல் கைதிகள் தப்பிப் போனார்கள். ஏப்ரல் 9 காலை அதே யப்பான் விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. இந்தச் சீனன்குடா விமானத்தளமும் துறைமுகமும் அடி வாங்கின. மேலே காட்டுக்குள் இருக்கும் எண்ணெய்க் குதங்களில் ஒன்றின்மேல் ஒரு விமானமே வந்து மோதி, அந்தக் குதம் பல நாள் நின்று எரிந்தது.

தப்பிய நால்வரில் ஒருவர் என்.எம். பெரேரா. மற்றவர்கள் பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி. 1935 டிசெம்பரில் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் இவர்கள். யுத்தத்தை எதிர்த்ததால் வெள்ளைக்காரன் இவர்களை உள்ளே போட்டிருந்தான். என்.எம். லண்டன் பொருளியல் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மலேரியா ஆயிரக்கணக்கில் சனத்தைக் கொன்ற 1934, 35இல் கிராமம் கிராமமாக மருந்தும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தவர். பிற்காலத்தில் இரண்டு தடவை இந்த நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர்.

அவர் 1970இல் நிதியமைச்சராகி என்ன செய்தார் என்பது வரலாறு. 1947இலேயே ஆட்சிக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது கற்பனை. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்தக் கற்பனையைப் பற்றி. ஆனால் அதற்கு ஆதாரமாக நான் எடுக்கும் எண்களும் சம்பவங்களும் நடந்தவை. எது நடந்தது, எது என் ஊகம் என்பதை இடையிடையே பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

சமசமாஜக் கட்சியை வெறும் நாணயச் சீர்திருத்தக் கட்சி என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் ட்ரொட்ஸ்கியின் வழி வந்த புரட்சிக்காரர்கள். ஆனாலும் சனத்திடம் அவர்கள் பேசியது அரிசி விலை, கூலி, வங்கி, வரி ஆகியவற்றைப் பற்றித்தான். பெரிய கட்சிகள் கண்டுகொள்ளாத ஒரு சிறு கூட்டம், காசைப் பற்றிய ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆட்சியைப் பிடிப்பது உலகத்தில் அபூர்வமாகவே நடந்திருக்கிறது. நடந்த ஓர் இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். இங்கே இருக்கும் பலருடைய பிள்ளைகள் இப்போது வாழும் நாடுதான் அது.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணம். 1935. உலகப் பொருளாதார மந்தம், அதோடு வரட்சி. கோதுமை விலை விழுந்து, விவசாயிகள் வங்கிக் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். கல்கரி நகரில் ஒரு பாடசாலை அதிபர், பெயர் வில்லியம் ஏபர்ஹார்ட், ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் வேதாகமப் பிரசங்கம் செய்வார். மேஜர் டக்ளஸ் என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் 'சமூகக் கடன்' கொள்கையை அந்தப் பிரசங்கத்தோடு கலந்தார். நாட்டில் பொருள் இருக்கிறது, வாங்கச் சனத்தின் கையில் காசு இல்லை, அந்தக் குறையை அரசாங்கமே காசு கொடுத்து நிரப்ப வேண்டும் என்பதுதான் அந்தக் கொள்கையின் சாரம். வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டொலர் தருவோம் என்றார் ஏபர்ஹார்ட். அதற்குமுன் சட்டசபையில் ஓர் ஆசனம்கூட இல்லாத கட்சி, 63 ஆசனங்களில் 56ஐ வென்றது.

அந்த 25 டொலர் வரவே இல்லை. 1936இல் மாகாணம் தன் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்ட முடியாமல் தவறியது. அதே ஆண்டு 'செழிப்புச் சான்றிதழ்' என்று ஒரு தாள் அடித்தார்கள். ஒவ்வொரு கிழமையும் அதன் முதுகில் ஒரு சத முத்திரை ஒட்டினால்தான் அது செல்லும். காசைப் பதுக்காமல் செலவழிக்கச் செய்யும் உபாயம் அது. அந்தத் தாளை வரியாகக் கட்ட அரசாங்கமே ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு கடைக்காரன் எப்படி ஏற்பான்? அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. வங்கிகளைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த சட்டங்களை மத்திய அரசும் உச்ச நீதிமன்றமும் செல்லாதென்றன. ஆனால் அந்தக் கட்சி 1971வரை, 36 ஆண்டுகள், தொடர்ந்து ஆண்டது. 1938இல் அது தொடங்கிய அரசாங்கக் கருவூலக் கிளைகள் இன்றும் ஒரு பெரிய நிதி நிறுவனமாக இயங்குகின்றன. 1957இலும் 58இலும் சனத்துக்கு உண்மையாகவே ஒரு பங்குப்பணம் கொடுத்தார்கள், முதல் ஆண்டில் ஆளுக்கு 20 டொலர். அந்தக் காசு அச்சகத்திலிருந்து வரவில்லை. 1947க்குப் பிறகு அங்கே நிலத்துக்கடியில் கிடைத்த எண்ணெயிலிருந்து வந்தது.

அல்பேர்ட்டாவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். காசை மாற்றப்போகிறோம் என்று வந்தவர்கள் காசில் தோற்றார்கள். ஆனால் அவர்கள் ஆட்சியில் இருந்ததால் காசுக்கு வெளியே சில காரியங்கள் நடந்தன. இலங்கைக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

1947 ஓகஸ்ட், செப்டெம்பர். சுதந்திரத்துக்கு முந்திய பொதுத்தேர்தல். தெரிவு செய்யப்பட்ட ஆசனங்கள் 95. டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 42. பெரும்பான்மை இல்லை. சமசமாஜக் கட்சிக்கு 10, அதிலிருந்து பிரிந்த போல்ஷெவிக் லெனினிஸ்டுகளுக்கு 5, கம்யூனிஸ்டுகளுக்கு 3. தமிழ்க் காங்கிரசுக்கு 7. நம் திருகோணமலையில் வென்ற எஸ். சிவபாலன் அந்த ஏழில் ஒருவர். மலையகத் தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 6. தொழிற்கட்சிக்கு 1. சுயேச்சைகள் 21 பேர்.

கூட்டிப் பாருங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு வெளியே 53 பேர். கொழும்பில் எச். ஸ்ரீ நிசங்கவின் 'யமுனா' என்ற வீட்டில் எதிரணியினர் கூடி, எல்லோரும் சேர்ந்து ஓர் அரசாங்கம் அமைக்கலாமா என்று பேசினார்கள். பேச்சு முறிந்தது. இடதுசாரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சுயேச்சைகள் ஒவ்வொருவராக மற்றப் பக்கம் சாய்ந்தார்கள். மூன்று இடதுசாரிக் கட்சிகள், இரண்டு காங்கிரஸ் கட்சிகள், தொழிற்கட்சி எல்லாம் சேர்ந்தால் 32. தெரிவான 95இல் பாதிக்குமேல் வர இன்னும் 16 சுயேச்சைகள் தேவைப்பட்டார்கள். கடினம், ஆனால் நடக்கவே முடியாத கணக்கு அல்ல. அந்தப் 16 பேரும் வந்திருந்தார்கள், என்.எம். நிதியமைச்சரானார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெட்டகத்தைத் திறந்தால் உள்ளே என்ன இருந்திருக்கும்?

இதை விளங்கிக்கொள்ள அக்காலத்து ரூபா எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டும். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்த காலம் அது. அந்த வங்கி அடித்த தாள்காசு வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றபோது தேசாதிபதி கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பைக் கொடுத்தார். அதற்குப் பிறகு காசு அடிக்கும் உரிமை ஒரு நாணயச் சபையிடம் போனது. அந்தச் சபைக்குச் சொந்த முடிவு எதுவும் கிடையாது. வெளியே ஸ்டேர்லிங்கோ இந்திய ரூபாவோ சேர்ந்தால் இங்கே அந்த அளவுக்கு ரூபா வெளிவரும். வெளியே குறைந்தால் இங்கேயும் குறையும்.

இப்போது 1943இல் இந்த விமானத்தளத்தில் மண் சுமந்த ஒரு கூலியாளை நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணியாவிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ வந்தவர். சனிக்கிழமை மாலை அவர் கையில் சம்பளம் விழுகிறது. அந்த ரூபாவுக்கு ஈடாக லண்டனில் ஒரு கணக்குப் புத்தகத்தில் இலங்கையின் பெயரில் ஸ்டேர்லிங் எழுதப்படுகிறது. பிரித்தானியா அன்று பொருள் தரவில்லை. யுத்தம் முடியட்டும், பிறகு தருகிறேன் என்று கடன் எழுதிக்கொண்டது. இங்கே கையில் காசு பெருகியது, கடையில் சாமான் இல்லை. விலை ஏறியது. 1942இலேயே பங்கீடு வந்தது. கட்டுப்பாடான நாணயச் சபை இருந்தும் விலைவாசி ஏறியதை நீங்கள் கவனிக்க வேண்டும். அரசாங்கம் அச்சடித்தால் மட்டும்தான் பணவீக்கம் வரும் என்று இன்று மேடைதோறும் சொல்கிறார்கள். சாமான் வராமல் காசு மட்டும் வந்தால், அந்தக் காசு எந்த வழியால் வந்தாலும் விலை ஏறும்.

ஆக, 1947இல் என்.எம். திறந்திருக்கக்கூடிய பெட்டகம் நிறைந்தது. ஆனால் அதன் திறப்பு லண்டனில் இருந்தது. யுத்தத்தில் தானே வறுமைப்பட்ட பிரித்தானியா, இந்தியாவுக்கும் எகிப்துக்கும் போலவே இலங்கைக்கும் அந்தப் பணத்தை நினைத்தபோது எடுக்க விடவில்லை. எவ்வளவு விடுவிப்பது என்று பேசிப் பேசித்தான் பெற வேண்டியிருந்தது. மறுபக்கம், பிரித்தானியாவுக்கு இங்கே ஒரு தேவை இருந்தது. இந்தத் துறைமுகமும் விமானத்தளமும் எண்ணெய்க் குதங்களும் அதன் கையில் தொடர வேண்டும். 1947 நவம்பரில் டி.எஸ். சேனநாயக்க கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின் உயிர்நாடி அதுதான்.

இங்கிருந்து என் ஊகம். சமசமாஜக் கட்சி அந்த ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தது. அவர்கள் ஆட்சியில் இருந்திருந்தால், சீனன்குடாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையில் ஸ்டேர்லிங்கைக் கேட்டிருப்பார்கள். தளம் வேண்டுமா, எங்கள் பணத்தை விடு. தளத்தை விட்டுப் போகிறாயா, அப்போதும் பணத்தை விடு. அந்தப் பேரத்தில் நூறு வீதமும் வென்றிருக்க மாட்டார்கள். ஆனால் டி.எஸ். பெற்றதைவிட வேகமாகப் பெற்றிருக்க இடமுண்டு. வேகம் ஏன் முக்கியம்? 1949 செப்டெம்பர் 18ஆம் திகதி பிரித்தானியா பவுணின் பெறுமதியை 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராகக் குறைத்தது. லண்டனில் படுத்திருந்த நம் கூலியாட்களின் வியர்வைப் பணம், டொலர்க் கணக்கில் ஒரே நாளில் முப்பது வீதம் தேய்ந்தது. அதற்கு முதலே அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இயந்திரமாகவும் நீர்ப்பாசனமாகவும் மாற்றியிருந்தால் நாடு பெரும் இலாபம் கண்டிருக்கும். காசை யார் ஆள்வது என்ற கேள்வியை என்.எம். கேட்டது வீண் கேள்வி அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

மத்திய வங்கியை அவர்களும் அமைத்திருப்பார்கள். உண்மையில் அதைச் செய்தது ஜே.ஆர். ஜயவர்தன, அமெரிக்க மத்திய வங்கியிலிருந்து ஜோன் எக்ஸ்டரை அழைத்துச் சட்டம் எழுதுவித்து, 1950 ஓகஸ்ட் 28இல் வங்கி தொடங்கியது, எக்ஸ்டரே முதல் ஆளுநர். சமசமாஜ அரசாங்கத்தின் மத்திய வங்கி அதைவிட அரசாங்கத்துக்கு நெருங்கியதாக, கேட்டவுடன் கடன் கொடுப்பதாக இருந்திருக்கும். 1950, 51இல் கொரிய யுத்தத்தால் றப்பர் விலை ஏறியபோது எல்லாம் நன்றாக ஓடியிருக்கும். இலவச அரிசி, கூலி உயர்வு, பாடசாலைச் சாப்பாடு எல்லாம் கொடுத்திருப்பார்கள், சனம் வாழ்த்தியிருக்கும். 1952இல் றப்பர் விழுந்து, இறக்குமதி அரிசி விலை ஏறியிருந்த வேளையில் கணக்குப் பார்க்க வேண்டிய நாள் வந்திருக்கும்.

அந்த நாள் உண்மையில் வந்தது, வேறொருவர் தலையில். கொத்து 25 சதத்துக்கு அரிசி என்று சொல்லி 1952இல் வென்ற டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம், 1953 யூலையில் அதை 70 சதமாக்கியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய பணிஸையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12 ஹர்த்தால். அதை முன்னின்று நடத்தியவர்கள் என்.எம். கட்சியினர், தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. பொலிஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். நான் நினைக்கும் மாற்று வரலாற்றில் அந்தப் போர்க்கப்பலில் ஏறி நிற்க வேண்டியவர் என்.எம். ஆகவே இருந்திருப்பார். அரிசி பர்மாவிலிருந்து வருகிறது. பர்மா நம் ரூபாவை வாங்காது. கொள்கை சிவப்பானாலும் பச்சையானாலும் கப்பல்காரன் கேட்கும் காசு ஒன்றுதான்.

ஆகவே காசில் அந்த அரசாங்கம் ஐந்தாறு ஆண்டுகளில் தடுக்கி விழுந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் என்ன நடக்காமல் இருந்திருக்கும்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடக்காமல் இருந்திருக்கும். மலையகத் தமிழர் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாடற்றவராகாமல் இருந்திருப்பார்கள். 1949இல் அவர்கள் வாக்குரிமை பறிபோகாமல் இருந்திருக்கும். அந்த அரசாங்கத்தின் எண்ணிக்கையில் இலங்கை இந்தியக் காங்கிரசின் 6 பேர் இல்லாமல் 48 வராது. தன் ஆட்சியின் தூணைத் தானே வெட்ட எவருக்கும் மனம் வராது. அதோடு சமசமாஜக் கட்சி அந்தச் சட்டத்தை உண்மையான கொள்கைப் பிடிப்போடு பாராளுமன்றத்தில் எதிர்த்தது; தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அமைச்சர் பதவி எடுத்துக்கொண்ட அதே ஆண்டில் அவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அதை நாம் மறக்கக் கூடாது. மலையக வாக்கு இருந்திருந்தால் 1952 தேர்தல் முடிவு வேறு, 1956 வேறு. தனிச் சிங்களச் சட்டத்துக்கான எண்ணிக்கை அவ்வளவு இலேசாகக் கூடியிருக்காது.

காசைப் பற்றிய ஒரு கட்சி காசில் தோற்றுப் போயிருக்கும். ஆனால் வாக்கில் இந்த நாட்டைக் காப்பாற்றியிருக்கலாம். இன்று நான் உங்கள் முன் வைக்க வந்தது இந்த ஒன்றைத்தான். யமுனா வீட்டில் அந்தப் பேச்சு முறிந்ததை அரிசி விலையோடு சேர்த்து மட்டும் எண்ணிப் பார்க்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

இனி நடந்த வரலாறு. 1964 யூனில் என்.எம். ஸ்ரீமாவோ அம்மையாரின் அரசாங்கத்தில் நிதியமைச்சரானார். டிசெம்பரில் அரசாங்கம் ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 1966 சனவரியில், தமிழ்மொழிப் பிரமாணங்களை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் சமசமாஜக் கட்சியும் நின்றது. ஒரு காலத்தில் இருமொழிக்காகக் கல்லடி பட்ட கட்சி. 1970இல் ஐக்கிய முன்னணி வென்றபோது சமசமாஜருக்கு 19 ஆசனம் கிடைத்தது, என்.எம். மீண்டும் நிதியமைச்சரானார். முந்திய அரசாங்கம் வெட்டிய இரண்டாவது கொத்து அரிசியைச் சந்திரனிலிருந்தாவது கொண்டுவருவோம் என்ற பிரசாரம் அந்தத் தேர்தலில்தான்.

அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லாதென்று அறிவித்தார். கறுப்புப் பணத்தையும் வரி ஏய்ப்பையும் பிடிக்கும் நோக்கம். தாள்களை வங்கியில் ஒப்படைத்து, கணக்குக் காட்டி மாற்ற வேண்டும். வயதில் மூத்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். பெட்டகத்தில் தாலிக்கும் சீதனத்துக்கும் சேர்த்து வைத்திருந்தவர்கள், மாடு விற்ற காசை முந்தானையில் முடிந்திருந்தவர்கள் வங்கி வாசலில் நின்றார்கள். பெரும் பணக்காரர் தம் செல்வத்தைத் தாளில் வைப்பதில்லை. காணி, நகை, கட்டடம், வெளிநாட்டுக் கணக்கு என்று பிரித்து வைப்பார்கள். இது வேறு நாடுகளிலும் நடந்தது. 1964 மே மாதம் பர்மாவின் ஆட்சியாளர் நே வின் 50, 100 கியாத் தாள்களைச் செல்லாதாக்கினார். ஏற்கெனவே கடைகளை இழந்திருந்த தமிழர்கள் அதோடு கைக்காசையும் இழந்து கப்பலேறி வந்தார்கள். 2016 நவம்பர் 8இல் இந்தியா 500, 1000 ரூபாத் தாள்களை நிறுத்தியது. புழக்கத்திலிருந்த காசின் பெறுமதியில் 86 வீதம் அது. அவற்றில் 99.3 வீதம் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டதாக இந்திய ரிசர்வ் வங்கியே பின்னர் கணக்குக் காட்டியது. கறுப்புப் பணத்துக்கு வைத்த பொறியில் சிக்கியவர்கள் நாட்கூலிக்காரர்களும் சிறு வியாபாரிகளும்தான். இந்த முறையை நான் எந்த ஆட்சியில் கண்டாலும் எதிர்ப்பேன்.

என்.எம். அதோடு நிற்கவில்லை. மாத வருமானத்துக்கு உச்ச வரம்பு, கட்டாய சேமிப்பு, காணி உச்ச வரம்பு எல்லாம் அந்த ஆட்சியில் வந்தன. நோக்கம் சமத்துவம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1947இல் நிறைந்திருந்த பெட்டகம் 1970இல் காலி. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை, அரிசி, சீனி எல்லாம் பல மடங்கு ஏறின. பங்கீடு வெட்டப்பட்டது. விடியற்காலை மூன்று மணிக்குப் பாண் வரிசை. மரவள்ளிக் கிழங்கு முக்கிய உணவாயிற்று. வீதியில் அரிசி கொண்டுபோவதைப் பிடிக்கத் தடைக்கம்பு. ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிப் போனால் அநியாயம்: இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட விவசாயிகள் கல்வீடு கட்டினார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும் பெரியவர்கள் வடக்கில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அதே அரசாங்கத்தில், அதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா எழுதிய 1972 அரசியலமைப்பு, முந்திய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுத்த பாதுகாப்பை நீக்கியது; சிங்களத்தையும் பௌத்தத்துக்கு முதலிடத்தையும் அரசியலமைப்புக்குள் வைத்தது. 1947இல் ஆட்சிக்கு வந்திருந்தால் தமிழரின் எண்ணிக்கை இல்லாமல் நிற்க முடியாதவர்கள், 1970இல் தமிழர் தேவையில்லாத ஒரு கூட்டில் வந்தார்கள். காசைச் சீர்திருத்தும் ஆசை இரண்டு காலத்திலும் ஒன்றுதான். யாருடைய தோளில் ஏறி வந்தார்கள் என்பது வேறு. 1975இல் சமசமாஜக் கட்சியை அரசாங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1977 தேர்தலில் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை. என்.எம். 1979இல் காலமானார்.

நம் காலத்துக்கு வருகிறேன். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். வரவில்லாத இடத்தை மத்திய வங்கியின் காசு நிரப்பியது. சொந்த நாணயத்தில் வாங்கும் கடனுக்கு நாடு அஞ்சத் தேவையில்லை என்ற எண்ணம் உயர்மட்டத்திலேயே பேசப்பட்டது. டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்துப் பார்த்தார்கள். 2022 மார்ச்சில் பிடி விட்டபின் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன்பு, மே 10ஆம் திகதி, பதவி விலகிய பிரதமர் குடும்பத்தோடு ஹெலியில் வந்து இறங்கியது நம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில்தான். முகாம் வாசலில் சனம் திரண்டு நின்றதை உங்களில் பலர் கண்ணால் பார்த்தீர்கள்.

அந்தக் கிழமைகளில் இந்த ஊர் எப்படி இருந்தது? ஒரு பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்தாயிரம் தொன் கொள்ளும் 99 எண்ணெய்க் குதங்கள். பலவற்றின் சுவரில் மரம் வேர் விட்டிருந்தது. கீழே வீதியில், மண்ணெண்ணெய்க்குக் கானை வரிசையில் வைத்துவிட்டுக் கல்லைப் பாரம் வைத்துவிட்டுப் போன மீனவர்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாகியது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையில் ஏறின. பக்கத்தில் பிறீமா ஆலையின் கப்பல் மேடை. அங்கே கோதுமைக் கப்பல் வந்தால்தான் நாட்டின் பல வெதுப்பகங்களில் அடுப்பு மூட்டுவார்கள். காசு என்றால் என்ன என்பதைப் பொருளியல் புத்தகம் இல்லாமலே பார்க்கக்கூடிய ஊர் இது. கப்பல் கேட்பது டொலர். டொலரை இந்த நாட்டில் எந்தக் கட்சியாலும் அச்சடிக்க முடியாது.

அதன் பிறகு, 2019 சனாதிபதித் தேர்தலில் 3 வீதம் வாக்கு வாங்கிய அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் சனாதிபதியானார். 3 ஆசனம் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி நவம்பரில் 225இல் 159ஐ வென்றது. இந்த மாவட்டத்தின் 4 ஆசனங்களில் 2 அவர்களுக்கு. ஏபர்ஹார்ட்டுக்கு 1935இல் நடந்தது அவர்களுக்கு நடந்தது. அவர்கள் காசில் என்ன செய்ய முடியும்? 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், வங்கி அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்தை முன்னைய அரசாங்கம் போட்டபடியே தொடர்கிறார்கள். எதிரணியில் இருந்தபோது கடுமையாக எதிர்த்தவர்கள் இவர்கள். இதைத் துரோகம் என்று நான் சொல்லவில்லை. 1970இல் என்.எம்.முக்கு இருந்த இடம்கூட இவர்களுக்கு இல்லை.

மத்திய வங்கி இப்போது சுயாதீனமானது என்கிறார்கள். அச்சகத்தின் திறப்பை அரசியல்வாதியிடமிருந்து வாங்கியது சரியே. 2022ஐப் பார்த்த யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் சுயாதீனம் பெற்ற கையோடு 2024 தொடக்கத்தில் அந்த வங்கி தன் ஊழியரின் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்திக்கொண்டபோது நாடே கொதித்தது. 1884க்குப் பிறகு திறப்பு லண்டனில் இருந்தது. பிறகு அமைச்சரிடம் வந்தது. இப்போது மத்திய வங்கியின் நாணயக் கொள்கைச் சபையிடம் இருக்கிறது. பணவீக்கம் குறித்த இலக்கைத் தவறினால் அவர்கள் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று ஒரு வழி இருக்கிறது. நம் மாவட்டத்து உறுப்பினர்கள் நால்வரும் அந்த அறிக்கையைப் படித்து எழும்பிக் கேள்வி கேட்க வேண்டும்.

காசில் கை கட்டப்பட்ட அரசாங்கத்தை எதை வைத்து அளப்பது? கை கட்டப்படாத இடத்தில் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான். மாகாண சபைத் தேர்தலைத் திரும்ப நடத்தச் சர்வதேச நாணய நிதியத்தின் அனுமதி தேவையில்லை. அரசாங்கக் கந்தோரில் தமிழில் ஒரு கடிதம் எழுத டொலர் தேவையில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் முத்துநகர். பரம்பரையாக நெல் விதைத்த வயற்காணியைச் சூரிய மின்சக்தித் திட்டத்துக்கு எடுக்கிறார்கள் என்று 2025இல் அந்த விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், கொழும்புவரை போனார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நம் மாவட்டச் செயலக வாசலில் இருந்தார்கள். அந்தக் காணியைத் திருப்பிக் கொடுப்பது, அல்லது உரிய மாற்றுக் காணியும் நட்டஈடும் கொடுப்பது இந்த அரசாங்கத்தின் கையில் முழுமையாக இருக்கிறது. 159 ஆசனம் வைத்திருப்பவர்களிடம் நாம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், இந்த மாதமே, எழுத்தில்.